பால்வெளி நடுவின் கார்பன் வரைபடமும் மாமா சொன்ன மழை தராத மேகமும்

1. தெற்குவாடித் தம்பி

அனைவருக்கும் வணக்கம். இந்தப் பகுதியில் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது முதல் தடவை.

ஆனி அமாவாசைக்கு மறுநாள் இரவு மாமாவின் நாட்டுப்படகில் பாம்பனிலிருந்து மன்னார் வளைகுடாப் பக்கம் போயிருந்தேன். வலையை இறக்கிவிட்டு விளக்கை அணைத்தாயிற்று. கச்சான் காற்று கொஞ்சம் ஓய்ந்திருந்தது. தெற்கே விருச்சிகத் தேளின் கொடுக்கை ஒட்டிப் பால்வெளி தடித்து, நடுவில் கறுப்பாக வெடிப்பு விட்டுக் கிடந்தது. நான் அண்ணாந்தே கிடப்பதைப் பார்த்து மாமா, "அது மழை தராத மேகம். அதைப் பார்த்து வலையை எடுக்க வேண்டாம்" என்றார்.

கரைக்கு வந்து தேடினேன். பால்வெளியின் நடுப்பகுதியில் தனித்தனி அணுவாகத் திரியும் கார்பன் வீசுகிற அலையை அளந்து வரைபடம் போட்டிருக்கிறார்கள் என்று படித்தேன். மூன்று விஷயம் புரியவில்லை. பிரபஞ்சத்தில் மிகுதியாக இருப்பது ஹைட்ரஜன். அதை விட்டு ஏன் கார்பன்? கார்பன் மோனாக்சைடு வரைபடம் ஏற்கெனவே இருக்கும்போது இது எதற்கு? இருட்டுதான் வேண்டும் என்றால் எங்கள் கடலைவிட இருட்டு உண்டா, எதற்காகச் சிலி நாட்டு மலை உச்சிக்குப் போகிறார்கள்?

2. மண்டபம் ஸ்டேஷன்

கார்பனுக்காக 26,000 ஒளியாண்டு போவானேன்? சாயல்குடிக்கு வந்தால் லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். அது இருக்கட்டும், பால்வெளியின் நடு இருக்கும் தனுசு ராசியைத் தனுஷ்கோடிப் பக்கமிருந்து பார்த்திருக்கிறீர்கள். பெயர்ப் பொருத்தம் பத்துக்குப் பத்து.

3. கீழக்கரை வாத்தியார்

தம்பி, மூன்றாவது கேள்வியை வாலிநோக்கத்து உப்பளக்காரர் பார்த்துக்கொள்வார். அவருக்குத்தான் ஈரத்தின் மீது தீராப் பகை.

முதல் கேள்வி. மேகங்களில் ஹைட்ரஜன் இரண்டிரண்டு அணுவாகக் கைகோத்து மூலக்கூறாக இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே எடை, ஒரே குணம். இப்படிச் சமச்சீரான மூலக்கூறு, சில பத்து கெல்வின் குளிரில் ஏறத்தாழ ஊமை. மூலக்கூறு சக்திப் படி ஏறி இறங்கும்போதுதான் அலை வீசும், இதன் முதல் படிக்கு ஏறவே ஐந்நூறு கெல்வின் அளவுக்குச் சக்தி வேண்டும். ஆகவே அதோடு கலந்திருக்கும் வாயாடி ஒருவனைப் பிடித்து விசாரிக்கிறோம். வழக்கமான வாயாடி கார்பன் மோனாக்சைடு. பத்தாயிரம் ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் இருக்கும், ஆனாலும் கூட்டத்தில் அதன் குரல்தான் கேட்கும்.

இரண்டாவது கேள்வி. விண்வெளி மேகத்தில் கார்பனுக்கு மூன்று வேடம். பக்கத்து நட்சத்திரத்தின் புற ஊதா ஒளி படும் மேற்பரப்பில் எலக்ட்ரான் ஒன்றை இழந்து அயனியாக இருக்கும். ஒளி எட்டாத உள்ளறையில் ஆக்சிஜனோடு சேர்ந்து மோனாக்சைடாக இருக்கும். இடையில் தனி அணு. இந்த இடைநிலை ஏன் மெல்லியது என்பதில்தான் அழகு: மோனாக்சைடை உடைக்க 11.1 எலக்ட்ரான் வோல்ட் சக்தி வேண்டும், தனிக் கார்பனிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 11.26. இரண்டும் பக்கத்துப் பக்கத்து விலை. உடைக்கிற ஒளி வந்தால் பிடுங்குகிற ஒளியும் கூடவே வந்துவிடுகிறது.

தனிக் கார்பனின் அலை 492 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் 0.609 மில்லிமீட்டர். இன்னொன்று 809 கிகாஹெர்ட்ஸில். முதல் படிக்கு ஏற 24 கெல்வின் போதும், ஆகவே மைனஸ் 249 பாகைக் குளிரிலும் அணு எழுந்துவிடும். எழுந்தபின் அவசரப்படாது. சராசரியாக ஐந்து மாதம் அப்படியே இருந்து, பிறகுதான் அலையை விட்டுவிட்டு இறங்கும். நான் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று, பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திய மாணவர்களை நினைத்துச் சிரித்தேன்.

இதை முதலில் பிடித்தது 1980இல், விமானத்தில் பொருத்திய தொலைநோக்கி. அதன்பின் ஃபூஜி மலையிலிருந்து 1.2 மீட்டர் வட்டுத் தொலைநோக்கியில் பக்கத்து மேகங்களை வரைந்தார்கள். தென் துருவத்திலிருந்து 1.7 மீட்டர் வட்டில், பிறகு சிலியின் அட்டகாமாவிலிருந்து 10 மீட்டர் 'ஆஸ்டே' என்று பால்வெளியின் நடுப்பகுதியான நடுமண்டலத்தை வரைந்தார்கள்.

4. சாயல்குடிக் கரி

மண்டபத்தார் கிண்டல் செய்ததால் எழுதுகிறேன். எங்களுக்குச் சீமைக் கருவேலக் கரிதான் பிழைப்பு. வாத்தியார் ஐயா சொன்னதைப் படித்ததும் மூட்டம்தான் கண்முன் வந்தது.

கட்டைகளை அடுக்கி, தழை போட்டு, மேலே ஈரமண் பூசித் தீ வைப்போம். சுற்றிலும் சிறு ஓட்டைகள். முதலில் வெள்ளைப் புகை வரும், அது கட்டையின் ஈரம். புகை மெலிந்து நீலம் தட்டினால் கரி பிடித்துவிட்டது, உடனே ஓட்டையை அடைக்க வேண்டும். அடைக்க அரைமணி பிந்தினாலும் ஓட்டையை ஒட்டிய கட்டைகள் சாம்பலாகிவிடும். பிரித்துப் பார்த்தால் ஓட்டையோரம் சாம்பல், நடுவில் நல்ல கரி, இரண்டுக்கும் இடையில் நான்கு விரல் அகலத்துக்கு இரண்டுங்கெட்டான். அந்த இரண்டுங்கெட்டான்தான் உங்கள் தனிக் கார்பன், சரியா?

5. பனைப்பெட்டி

சாயல்குடி அண்ணன், அழகான உவமை. ஆனால் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.

ஒன்று, கரியில் கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. மேகத்தில் நாம் பேசுவது யாரோடும் சேராத ஒற்றை அணு. இது சின்ன ஒழுகல். பெரிய ஒழுகல் வேறு: மேகம் மூட்டம் போல ஒற்றைத் தோல் போர்த்திய குவியல் என்றால், வரைபடத்தில் தனிக் கார்பன் மேகத்தின் விளிம்பில் மட்டும் மெல்லிய கரையாகத் தெரிய வேண்டும். 1985 வாக்கில் கணக்கிட்ட அடுக்கு மாதிரிகள் அப்படித்தான் எதிர்பார்க்க வைத்தன. அளந்து பார்த்தபோது மேகம் முழுக்கத் தெரிந்தது. மோனாக்சைடு எங்கெல்லாம் இருக்கிறதோ கிட்டத்தட்ட அங்கெல்லாம்.

நான் வானொலித் தொலைநோக்கித் தரவைச் சுத்தம் செய்கிற வேலையில் சில வருடம் இருந்தவள், ஊர் ஏர்வாடிப் பக்கம். இந்தப் புதிர்தான் என்னை இதில் இழுத்துவிட்டது.

6. சாயல்குடிக் கரி

தங்கச்சி, மண் வெடிக்காத மூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. வெயிலில் காய்ந்து வெடிப்பு விட்டால் காற்று நடுவரைக்கும் போகும். ஆள் கவனிக்காவிட்டால் மூட்டத்தின் வயிற்றிலேயே சாம்பல் விழும். ஒரு வருடம் எங்களுக்கு அப்படி ஒரு மூட்டம் முழுக்கப் போனது. காவலுக்கு இருந்த பங்காளி தூங்கிவிட்டான். மேகத்திலும் வெடிப்பு இருந்தால்?

7. பனைப்பெட்டி

பங்காளிக்கு நன்றி சொல்லுங்கள், புத்தகத்து விடையும் அதுதான். மேகம் திட்டுத்திட்டாகக் கடற்பஞ்சு போல இருக்கிறது, இடைவெளி வழியாகப் புற ஊதா ஒளி உள்ளே போகிறது, ஒவ்வொரு திட்டுக்கும் தனித்தனித் தோல். பெரும்பாலான மேகங்களுக்கு இது போதும். இன்னொரு விடையும் உண்டு: கார்பன் முழுவதும் மோனாக்சைடாக மாறப் பத்து லட்சம் ஆண்டு அளவில் ஆகும், ஆகவே இளம் மேகத்தில் மாறாத கார்பன் மிச்சம் இருக்கும்.

பால்வெளியின் நடுவில் இவை போதவில்லை. அங்கே காஸ்மிக் கதிர்கள், அதாவது விண்வெளியில் பாயும் அதிவேகத் துகள்கள், நம் பக்கத்தைவிடப் பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை கூடுதல். அவற்றுக்கு வெடிப்பு வேண்டாம், மண்ணை ஊடுருவிப் போகும். உள்ளே போய் ஹீலியத்தை அயனியாக்கும். அந்த ஹீலியம் மோனாக்சைடை அடித்து உடைக்கும். அது மட்டுமில்லை, காஸ்மிக் கதிர் தட்டிவிடும் எலக்ட்ரான்கள் ஹைட்ரஜன் மூலக்கூறைக் கிளறி, மேகத்தின் இருட்டறைக்குள்ளேயே புற ஊதா ஒளியை உண்டாக்கும். வெளியிலிருந்து ஒரு துளி ஒளி வராத இடத்தில் உள்ளேயே விளக்கு! 1983இல் பிரசாத், தராஃப்தார் என்ற இருவர் இதைச் சொன்னார்கள். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, சொன்னால் சிரிப்பீர்கள்.

2011இல் ஜப்பானியக் குழு ஒன்று ஆஸ்டே வட்டை வைத்து வெளியிட்ட வரைபடத்தில், நடுவிலுள்ள கருந்துளையைச் சூழ்ந்த பகுதியில் மோனாக்சைடோடு ஒப்பிடும்போது தனிக் கார்பன் தூக்கலாக இருந்தது. காஸ்மிக் கதிரா, அதிர்ச்சி அலையா, இரண்டுமா என்பதுதான் வழக்கு.

8. வாலிநோக்கம் உப்பு

வாத்தியார் காக்கா என்னைக் கோத்துவிட்டார், எழுதாமல் தீராது.

தெற்குவாடித் தம்பி, இருட்டு வேறு, வறட்சி வேறு. உங்கள் வீட்டு அடுக்களையில் உப்பு ஜாடியை மூடாமல் வைத்துப் பாருங்கள், விடிந்தால் கசிந்து நிற்கும். அந்த ஈரம்தான் பிரச்சினை. தலைக்கு மேலே உள்ள காற்றுப் பத்தி முழுவதிலும் இருக்கும் நீராவியைப் பிழிந்து தரையில் ஊற்றினால், நம் கரையில் சாதாரணமாக நாற்பது ஐம்பது மில்லிமீட்டர் நிற்கும். அட்டகாமாவில் 4,800 மீட்டருக்கு மேலே போனால் ஒரு மில்லிமீட்டர், நல்ல நாளில் அதற்கும் கீழே. அந்த ஒரு மில்லிமீட்டரே 492 கிகாஹெர்ட்ஸ் அலையில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிவிடும். மிச்சம் மூன்றில் ஒன்று. நம் ஊரில் அந்த மூன்றில் ஒன்றை ஐம்பது தடவை போடுங்கள். 26,000 வருடம் நடந்து வந்த அலையை, கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் நம் ஈரம் குடித்துவிடுகிறது.

இந்த ஈரத்தால் எங்கள் பாத்தியில் படிகம் கட்டத் தாமதமாகிற நாட்களைச் சொல்ல ஆரம்பித்தால் இழை திசைமாறிவிடும், நிறுத்திக்கொள்கிறேன்.

9. மண்டபம் ஸ்டேஷன்

பிடித்துவிட்டேன் ஒரு ஓட்டையை. புனேவுக்கு அருகில் 30 வட்டுகள் இருக்கின்றனவே, அங்கே 610இல் நடுமண்டலத்தைப் பார்க்கிறார்கள் என்று நானே படித்தேன். 609ஐப் பார்க்க மட்டும் சிலியா? ஒரு எண்தானே வித்தியாசம்!

10. பனைப்பெட்டி

அது 610 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் அரை மீட்டர். இது 609 மைக்ரோமீட்டர், அரிசியின் அகலத்தில் பாதிகூட வராது. ரயில் எண்ணையும் பெட்டி எண்ணையும் குழப்பிக்கொண்டு ஏறியிருக்கிறீர்கள், ஸ்டேஷன் மாஸ்டர். புனே வட்டுகளின் அரை மீட்டர் அலைக்கு நீராவி ஒரு பொருட்டே இல்லை, மழையிலும் நிறுத்த மாட்டார்கள்.

எப்படி வரைகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். பத்து மீட்டர் வட்டு இந்த அலையில் ஒரு நேரத்தில் பார்ப்பது 17 விகலை (ஒரு பாகையில் 3,600 விகலை). 250 மீட்டர் தூரத்தில் நிற்கிறவரின் கட்டைவிரல் அகலம். நடுமண்டலத்தின் தூரத்தில் அது இரண்டு ஒளியாண்டு சொச்சம். இந்தக் கட்டைவிரலை வானத்தில் இடவலமாக இழுத்துக்கொண்டே போய், நிற்காமல் பதிவு செய்வார்கள். பிறகு அதே பகுதியை மேலும் கீழுமாக இழுப்பார்கள். ஏன் இரண்டு தடவை? வானமும் கருவியும் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால் ஒவ்வொரு இழுப்பும் கோடு கோடாகக் கறை விடும். குறுக்கும் நெடுக்குமான இரண்டு கறைகளையும் பின்னிக் கோத்தால், இரண்டிலும் பொதுவாக உள்ளது மட்டும் நிற்கும். இந்த முறைக்கு அவர்கள் வைத்த பெயரே கூடை முடைதல். என் அம்மா ஓலைப்பெட்டி முடைகிறவர். எனக்கு இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

அம்மா ஓர் ஓலை நழுவினால் நான்கு வரிசை பிரித்துப் போடுவார். நானும் அப்படித்தான். ஒருமுறை ஒரு வாரத் தரவைப் பிரித்தேன், காரணம் காற்றும் கருவியும் சேர்க்கும் இரைச்சலைக் கழிப்பதற்காக 'வெற்று வானம்' என்று வைத்திருந்த இடம் வெற்றாக இல்லை. நடுமண்டலத்தில் வாயு அவ்வளவு பரந்து கிடக்கிறது, வெற்றிடம் தேடி வெகுதூரம் போக வேண்டும். பக்கத்திலேயே கழித்தால் உண்மையான வாயுவையும் சேர்த்துக் கழித்துவிடுவோம்.

இன்னொன்று. இந்த வரைபடம் புகைப்படம் மாதிரி இல்லை. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு நிறமாலை இருக்கும், அதில் வாயுவின் வேகம் தெரியும். நொடிக்கு 100 கிலோமீட்டர் வேகம் 492 கிகாஹெர்ட்ஸை 164 மெகாஹெர்ட்ஸ் நகர்த்தும். நடுமண்டல மேகங்களில் ஒரே மேகத்துக்குள்ளேயே நொடிக்கு இருபது, முப்பது கிலோமீட்டர் வித்தியாசம் சர்வசாதாரணம். நம் பக்கத்து மேகங்களில் ஒன்றிரண்டுதான்.

11. மூலம் முதல் பாதம்

பெரியவர்கள் பேசும் இடத்தில் ஒரு வார்த்தை. பால்வெளியின் மையம் நம் பஞ்சாங்க நிராயனக் கணக்கில் தனுசு மூன்றாம் பாகைக்குள் விழுகிறது, அதாவது மூலம் முதல் பாதம். மூலம் என்றால் வேர், ஆதி. நம் முன்னோர் தெரியாமலா பெயர் வைத்தார்கள்?

12. கீழக்கரை வாத்தியார்

ஐயா, பாகைக் கணக்கு சரி, மறுக்கவில்லை. ஆனால் நம் பால்வெளியின் மையம் அந்தத் திசையில் இருக்கிறது என்பது 1918இல் வானியலாளர் ஹார்லோ ஷாப்லி, கோளக் கொத்துகள் என்ற நட்சத்திரத் திரள்களை எண்ணிப் பார்த்த பிறகுதான் துலங்கியது. கண்ணால் பார்க்கவே முடியாது. இடையிலுள்ள தூசு, நடுவிலிருந்து வரும் கட்புலன் ஒளியில் லட்சம் கோடியில் ஒரு துகளைத்தான் விடும். தேள்கொடுக்கு அடிவாலில் இருப்பதால் மூலம் என்று பெயர் வந்திருக்கலாம் என்பது என் கட்சி.

13. பனைப்பெட்டி

நான் பிறந்ததே மூலம்தான். பெண் மூலம் நிர்மூலம் என்று சொல்லி நான்கு ஜாதகம் திரும்பி வந்தது. ஐந்தாவது ஜாதகம் வருவதற்குள் நான் நடுமண்டலத்தைப் பார்க்கப் போய்விட்டேன். இதற்கு மேல் இந்த இழையில் மூலம் வேண்டாம்.

14. மூலம் முதல் பாதம்

மன்னிக்க வேண்டும் அம்மா.

15. தெற்குவாடித் தம்பி

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அக்கா, ஒரே ஒரு கேள்வி. மாமா பார்த்த கறுப்பு வெடிப்புதான் இந்த மேகமா?

16. பனைப்பெட்டி

இல்லை தம்பி. மாமா பார்த்தது நமக்கு முன்னால், வழியில் தொங்கும் தூசு மேகங்கள், அந்தத் தூரத்தோடு ஒப்பிட்டால் பக்கத்து வீடு. வரைபடத்தில் இருப்பது அவற்றுக்கு வெகு பின்னால், மறைவில்.

ஆனால் "மழை தராத மேகம்" என்றாரே, அதை நடுமண்டலத்துக்கு அப்படியே போடலாம். அங்கே சில நூறு ஒளியாண்டுக்குள் மூன்று முதல் ஐந்து கோடி சூரியன் எடைக்கு மூலக்கூறு வாயு குவிந்து கிடக்கிறது. நம் பக்கத்துக் கணக்குப்படி ஆண்டுக்கு ஒரு சூரியன் அளவுக்கு நட்சத்திரம் பிறக்க வேண்டும். பிறப்பது அதில் பத்தில் ஒன்று. 'செங்கல்' என்று பட்டப்பெயர் வைத்த மேகம் ஒன்று இருக்கிறது, ஒரு லட்சம் சூரியன் எடை, கன்னங்கரேல் என்று திரண்டிருக்கிறது, நட்சத்திரம் என்று சொல்ல உள்ளே ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை.

எடையே தவறாக அளந்திருக்கிறோமா என்ற சந்தேகம் இங்கேதான் வருகிறது. மோனாக்சைடு உடைந்து கிடக்கிற இடத்தை மோனாக்சைடை வைத்தே எடை போட்டால் தராசு பொய் சொல்லும்.

17. கீழக்கரை வாத்தியார்

அப்படியானால் இனி தனிக் கார்பனையே தராசாக வைத்துக்கொள்ளலாமே? நம் பால்வெளி போன்ற தொலைதூர நட்சத்திரக் கூட்டங்களில் அப்படித்தானே செய்கிறார்கள். பிரபஞ்சம் விரிவடைவதால் 492 கிகாஹெர்ட்ஸ் நூறு பக்கம் இறங்கி வந்துவிடும், வளிமண்டலமும் வழிவிடும்.

18. பனைப்பெட்டி

சார், உங்களோடு இதில் மட்டும் ஒத்துப்போக மாட்டேன். மோனாக்சைடை உடைக்கிற அதே காஸ்மிக் கதிர்தான் தனிக் கார்பனைப் பெருக்குகிறது. எடை மாறாமலே வெளிச்சம் கூடும். ஒரு தராசு குறைத்துக் காட்டினால் இன்னொன்று கூட்டிக் காட்டும். தொலைதூரக் கூட்டத்தில் எல்லாம் ஒரே புள்ளியாகத் தெரிவதால் இந்த வேறுபாடு கண்ணுக்குப் படாது, ஹைட்ரஜனுக்கு இத்தனை கார்பன் என்று ஒரே விகிதத்தை வைத்து எடை போட்டுவிடுகிறார்கள். நடுமண்டல வரைபடத்தில் அந்த விகிதம் தெருவுக்குத் தெரு மாறுவது தெரிகிறது. எனக்கு இந்த வரைபடத்தின் பயனே இதுதான். தொலைவில் நம்பி எடை போடுகிறவர்களுக்கு, வீட்டுப் பக்கத்திலேயே ஒரு சோதனைத் தராசு.

809 கிகாஹெர்ட்ஸ் அலையையும் சேர்த்து அளந்தால் வெப்பநிலை கிடைக்கும், பிழை குறையும். ஆனால் நயோபியம் என்ற உலோகத்தில் செய்த உணர்விகள் 700 கிகாஹெர்ட்ஸ் தாண்டினால் தடுமாறும், வானமும் இன்னும் இறுகும். ஆகவே அந்த வரைபடங்கள் குறைவு.

19. கீழக்கரை வாத்தியார்

தெருவுக்குத் தெரு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். தராசு என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். படிக்கல் என்று வைத்துக்கொள்ளலாமா?

20. பனைப்பெட்டி

தேய்ந்த படிக்கல் என்றால் சம்மதம்.

21. தெற்குவாடித் தம்பி

இன்று அதிகாலை படகில் மாமாவிடம் முழுவதையும் சொன்னேன். வலை பிரித்துக்கொண்டே கேட்டார். கார்பன், காஸ்மிக் கதிர் எதற்கும் வாய் திறக்கவில்லை. அத்தனை வாயு இருந்தும் நட்சத்திரம் பிறக்கவில்லை என்று சொன்னபோதுதான் நிமிர்ந்தார். "உள்ளே ஓட்டம் எப்படி?" என்று கேட்டார். நொடிக்கு இருபது முப்பது கிலோமீட்டர் வித்தியாசம் என்று அக்கா எழுதியதைச் சொன்னேன். "பிறகென்ன? நீவாடு (நீரோட்டம்) தறிகெட்டு இழுக்கிற இடத்தில் மீன் கூட்டம் கட்டாது" என்று சொல்லிவிட்டு மறுபடி வலைக்குக் குனிந்துவிட்டார்.

22. பனைப்பெட்டி

மாமா சொன்னதுதான் இப்போது பெரும்பாலோர் கட்சி. கொந்தளிப்பு வாயுவைத் திரள விடாமல் கலைக்கிறது என்கிறார்கள். காந்தப்புலம் என்று ஒரு சிறு கட்சியும் உண்டு.

அடுத்த தடவை ஆடி அமாவாசை ஒட்டிப் போனால் இரவு ஒன்பதரை வாக்கில் நேர் தெற்கே பாருங்கள். நம் கரையிலிருந்து மையம் 52 பாகை உயரத்தில் நிற்கும். கையை நீட்டி முஷ்டி மேல் முஷ்டியாக வைத்தால் கடல்மட்டத்திலிருந்து ஐந்து முஷ்டி. அமாவாசை அன்று மட்டும் வேண்டாம். அக்னி தீர்த்தத்துக் கூட்டத்துக்குப் போடும் விளக்கு வெளிச்சத்தில் வானம் வெளுத்திருக்கும். இரண்டு நாள் தள்ளிப் போங்கள்.

23. மண்டபம் ஸ்டேஷன்

மாமா படகில் ஓர் ஆளுக்கு இடம் இருக்குமா? ரயில் எண், பெட்டி எண் இரண்டையும் சரிபார்த்துவிட்டு வருகிறேன்.

24. தெற்குவாடித் தம்பி

கேட்டேன் அண்ணன். வலை இழுக்கத் தெரிந்தால் வரச் சொன்னார்.